பன்னிரண்டு தொட்டியும் ஒரு பழைய டிஸ்க்கும்

என் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு ஹார்ட் டிஸ்க் படுத்திருந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, கையில் எடுத்தால் கனக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், அதில் நாலு சேர்த்து வைத்து, என் பழைய நூல்புடவைக் கிழிசலில் மூன்று சுற்றுச் சுற்றி, பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டிருந்தேன். நகை எங்கே என்று கேட்டால் நான் யோசித்துத்தான் சொல்லவேண்டும். இது எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நான் வேலை பார்ப்பது கோழித் தீவன மில்லில். ராசிபுரம் தாண்டி நாமக்கல் போகிற வழியில், ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. பன்னிரண்டு இரும்புத் தொட்டிகள் பனைமர உயரத்துக்கு நிற்கும். மக்காச்சோளம் ஒன்றில், சோயாப் புண்ணாக்கு ஒன்றில், தவிடு, கருவாட்டுத் தூள், சுண்ணாம்புக்கல் தூள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொட்டி. எந்த வயசுக் கோழிக்கு எதில் எத்தனை எடை என்று பார்த்துத் தொட்டியின் வாயைத் திறந்து மூடுகிற வேலை கம்ப்யூட்டருடையது. அது படுத்தால் மில் படுத்துவிடும் என்பதால் ஒன்றுக்கு இரண்டாக சர்வர் வைத்து, ஒன்று விழுந்தால் மற்றது வேலையை வாங்கிக்கொள்கிற மாதிரி ஜோடியாகக் கட்டிவைத்திருந்தோம். க்ளஸ்டர் என்று அதற்குப் பெயர். எனக்கு அவர்கள் ஓரகத்திகள். ஒரே வீட்டுக்கு வாழவந்த இரண்டு பெண்கள். சமையல்கட்டு பொது: தீவனக் கலவைகள் எல்லாம் இருக்கிற பெரிய சேமிப்புப் பெட்டி இரண்டு பேருக்கும் சேர்ந்தது. படுக்கையறை தனித்தனி: தான் யார், காலையில் எழுந்ததும் என்ன செய்யவேண்டும் என்பதை ஒவ்வொருத்தியும் தன் தன் சிஸ்டம் டிஸ்க்கில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்த இரண்டு சிஸ்டம் டிஸ்க்கையும் கழற்றிவிட்டுப் புதுசு போட்டோம். கழற்றியதில் ஒன்று கெட்டுப்போயிருந்தது. இன்னொன்று நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. வேலை செய்கிற ஒன்றைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம். முன்யோசனை, திட்டம் என்று பெரிதாக எதுவும் இல்லை. வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு எங்கள் மில் ஃபிட்டர் அண்ணன் அன்றைக்கே கிண்டலை ஆரம்பித்தார். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். மோட்டார், பெல்ட், தொட்டி வாய், ஜெனரேட்டர் எல்லாம் அவர் ராஜ்யம்.

"ஏனுங்க அம்மிணி, உழுந்த பல்லையும் எடுத்து வெச்சிருப்பீங்களாட்ட இருக்குது."

வைத்திருந்தேன், என் மகளுடையதை. அதை அவரிடம் சொல்லவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை, வீட்டு மாடியில் மிளகாய் காயப்போடுகிற மாசத்தில், அந்த டிஸ்க்கையும் மில்லுக்கு எடுத்துப்போய் ஒரு தனிக் கம்ப்யூட்டரில் மாட்டி ஒரு மணி நேரம் சுற்றவிடுவேன். வெறுமனே கிடந்தால் எதுவும் இறுகிப்போகும். இது புத்தகத்தில் படித்தது இல்லை. என் முழங்கால் சொல்லிக்கொடுத்தது. எனக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க வராது. ஃபோன் பேசினால் நடந்துகொண்டே பேசுவேன், சாப்பிடும்போது இரண்டு தடவையாவது எழுந்துவிடுவேன். அதனால்தானோ என்னவோ, சும்மா கிடக்கிற எதைப் பார்த்தாலும் எனக்குப் பாவமாக இருக்கும்.

அந்தப் பாவம் பார்க்கிற குணம்தான் ஒரு ஆயுத பூஜையன்று என் கையைப் பிடித்து இழுத்தது.

எங்கள் மில்லில் ஆயுத பூஜை என்றால் முந்தின நாள் மதியமே எல்லாம் நின்றுவிடும். பண்ணைக்காரர்களுக்கு இரண்டு நாள் தீனியைச் சேர்த்து அனுப்பிவிட்டு, ஒரு வருஷத்துத் தூசியைக் கழுவ ஆரம்பிப்போம். அரைக்கிற மிஷின், கலக்குகிற மிஷின், தராசு, லாரி, ஸ்பேனர், மண்வெட்டி எல்லாவற்றுக்கும் குளியல், சந்தனம், குங்குமம். சர்வர்களுக்கு மட்டும் நான் கதவில் பொட்டு வைத்துவிட்டு ஓடவிட்டே கும்பிடுவது வழக்கம். அந்த வருஷம் ஃபிட்டர் அண்ணன் கற்பூரத் தட்டோடு சர்வர் அறை வாசலில் நின்றுவிட்டார். காற்றாடிகள் உள்ளே இரைந்துகொண்டிருந்தன.

"மில்லுல அத்தனையும் படுத்துருச்சு. நானும் இன்னைக்கு ஸ்பேனரைத் தொடமாட்டன். உங்க பொட்டி ரெண்டும் மட்டும் என்னங்க பாவம் பண்ணுச்சு?"

அவர் சொன்னது விளையாட்டுக்குத்தான். எனக்கு உள்ளே எங்கேயோ தைத்தது. ஐந்து வருடம். ஒரு நாள்கூட, ஒரு மணி நேரம்கூட நிற்காமல் சுற்றியிருக்கிறார்கள் இரண்டு பேரும். ஒருத்தி தடுமாறினால் மற்றவள் சுமப்பாள், சேர்ந்து ஓய்ந்ததே கிடையாது. சேர்ந்து ஓயக்கூடாது என்பதற்காகத்தானே இரண்டாக வைத்தது என்று படித்த மண்டை சொன்னது. அதைக் கேட்காமல் முதலில் ஒருத்தியை நிறுத்தினேன். பிறகு மற்றவளை. அறை அப்படி அமைதியாகி நான் கேட்டதே இல்லை. சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் ஓசை எழுப்புகிற ஜாதி என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு பெட்டிகளுக்கும் சந்தனம் தடவி, ஒரு கை பொரியும் கடலையும் மேலே வைத்துவிட்டு, ரொம்ப நிறைவாக வீட்டுக்குப் போனேன்.

விஜயதசமி காலை எட்டு மணிக்கு நல்ல நேரம். முதலாளியும் அவர் மனைவியும் வந்து நின்றார்கள். வாசலில் உடைத்த பூசணிக்காயைத் தாண்டித் தாண்டி எல்லாரும் உள்ளே வந்தார்கள். நான் முதல் சர்வரின் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது, டிஸ்க் சுற்றவில்லை. காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. சரி, மற்றவள் இருக்கிறாள் என்று இரண்டாவதை அழுத்தினேன். அது டிக், டிக், டிக் என்று மூன்று தடவை நாக்கைச் சப்புக்கொட்டி, ஒரு பெருமூச்சு விட்டு, நின்றுபோனது.

இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில் ஒன்றாக வந்தவை. ஒரே நாளில் மாட்டப்பட்டு, ஒரே அளவு ஓடி, ஒரே அளவு தேய்ந்தவை. ஓடுகிறவரை ஓடின. சூடு முழுக்க ஆறி நின்றபிறகு அந்த வயசான மூட்டுகளால் எழுந்திருக்க முடியவில்லை. ஓய்வு கொடுத்துக் கொன்றேன் என்றுதான் சொல்லவேண்டும்.

நகல் எடுத்து வைக்கவில்லையா என்று முதலாளி கேட்டார். எடுத்திருந்தேன். முதல் சர்வரின் முழு நகலை இரண்டாவதிலும், இரண்டாவதின் நகலை முதலாவதிலும் பத்திரமாக வைத்திருந்தேன். அதைச் சொல்லி முடித்தபோது எனக்கே அது காதில் விழுந்தது. இவள் வீட்டுச் சாவி அவள் வீட்டில், அவள் வீட்டுச் சாவி இவள் வீட்டில், இரண்டு வீடும் பூட்டு. முதலாளி திட்டவில்லை. நெற்றியில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடந்தார். திட்டியிருக்கலாம்.

மென்பொருளைப் போட்டுக்கொடுத்த கம்பெனி மூடி ரொம்ப நாளாயிற்று. விடுமுறை நாள், சேலத்தில் கடை எதுவும் திறந்திருக்காது. தொட்டி வாய்களைக் கையால் திறக்கிற பழைய நெம்புகோல்களை, இனி எதற்கு என்று நாங்களே வெட்டி எடுத்திருந்தோம். கலவைகள் பொதுப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. அதைத் திறந்து படித்து மில்லை ஓட்ட ஆள் இல்லை.

ஒன்பது மணிக்கு ஃபோன் வந்தது. சேந்தமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒற்றை ஷெட் போட்டிருக்கிற ஒரு அம்மா. புருஷன் இல்லை, மகன் வெளிநாடு, தானே நின்று குஞ்சிலிருந்து வளர்த்த கோழிகள். அப்போதுதான் முட்டை நன்றாக ஏறிவந்துகொண்டிருந்தது. அவர் எப்போதும் எடுத்த எடுப்பில் சத்தம் போடுவார், அன்றைக்குக் குரல் தணிந்திருந்தது.

"சாமி, தீனித் தொட்டியத் தட்டிப் பாத்தன். வெறுஞ்சத்தம் வருது. பொழுது சாய ஒருக்கா தின்னுமுங்க, அதுதான் பெரிய தீனி. அதுக்குள்ள வந்துருமா?"

பக்கத்துப் பண்ணையில் கைமாற்று வாங்கலாமே என்றேன். கைமாற்றுக் கேட்கக்கூடியவர்களெல்லாம் எங்களையே நம்பியிருந்தார்கள். முட்டை ஏறுகிற நேரத்தில் ஒரு வேளை தீனி தப்பினால் கோழி பயந்துகொள்ளும். இறகை உதிர்த்துவிட்டு உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த கோழி எழுந்து திரும்ப முட்டைக்கு வர வாரக்கணக்காகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாலு மணிக்குள் வரும் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. சொன்ன பிறகுதான் பீரோ ஞாபகம் வந்தது.

மல்லசமுத்திரத்தில் வீடு. ஸ்கூட்டரில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. வழியெல்லாம் லாரிகள் மாலையும் கரும்புமாக நின்றிருந்தன. திரும்பி வரும்போது பிஸ்கட் டப்பாவை முன்னால் மாட்டாமல் என் மடியில் வைத்து, முந்தானையால் இடுப்போடு கட்டிக்கொண்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவள் மாதிரி இருந்திருக்கும். வேகத்தடை ஒவ்வொன்றிலும் இறங்கி உருட்டினேன்.

பதினொரு மணிக்கு அதை முதல் சர்வரில் மாட்டினேன். அறையில் நானும் ஃபிட்டர் அண்ணனும் மட்டும். காலையிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பொத்தானை அழுத்தினேன். முதலில் ஒரு முனகல். அப்புறம் சன்னமாக, ஏறிக்கொண்டே போகிற ஒரு ரீங்காரம். வருஷா வருஷம் மிளகாய் மாசத்தில் கேட்ட அதே குரல். எனக்குக் கண் கலங்கியதை அவர் பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன், அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

திரை வந்தது. அந்த டிஸ்க்குக்கு அது இன்னும் ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம். கழற்றின நாளில் எந்தக் கவலையோடு தூங்கப்போனதோ அதே கவலையோடு எழுந்து, சிவப்பு எழுத்தில், ஒன்பதாம் தொட்டியின் வாய் ஒட்டிக்கொண்டது, உடனே கவனிக்கவும் என்று துடித்துக்கொண்டிருந்தது.

ஃபிட்டர் அண்ணன் கிட்டே வந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அதையத்தான் அப்பவே பிரிச்சு மாட்டிட்டனே. இதுகிட்ட ஒருத்தரும் சொல்லாம உட்டுட்டாங்களாட்ட இருக்குது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். காலையிலிருந்து முதல் சிரிப்பு. பொதுப் பெட்டியைக் காட்டியதும் பழைய டிஸ்க் அதை அடையாளம் கண்டுகொண்டது. இந்த வாரத்துக் கலவைகள் அத்தனையும் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. ஓட்டு என்று ஒரு பொத்தான் அழுத்தினால் போதும்.

அழுத்தவில்லை. கையை எடுத்துக்கொண்டேன். எந்தத் தொட்டியில் எது என்கிற வரைபடம் சமையல்கட்டில் இல்லை, படுக்கையறையில் இருந்தது. கலவையைப் பொதுப் பெட்டி சொல்லும், ஆனால் சோயா ஏழாம் தொட்டியில் இருக்கிறது என்று சொல்வது இந்தப் பழைய டிஸ்க். ஐந்து வருடத்தில் நாங்கள் தொட்டிகளை எத்தனையோ தடவை காலி செய்து மாற்றி நிரப்பியிருக்கிறோம். இது நம்பிக்கையோடு ஏழாம் தொட்டியைத் திறக்கும். இப்போது ஏழில் என்ன இருக்கிறதோ அது அந்த அம்மாவின் கோழிகள் வயிற்றுக்குள் போகும்.

இப்போது எதில் எது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு தொட்டியின் அடிப்பக்கத்திலும் சாக்பீஸால் பெயர் எழுதியிருக்கும். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். பன்னிரண்டும் பளபளவென்று கழுவித் துடைத்து, நெற்றியில் மூன்று பட்டை விபூதியும் நடுவில் குங்குமமுமாக, சன்னிதியில் நிற்கிறமாதிரி நின்றுகொண்டிருந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை. நேற்று ஃபிட்டர் அண்ணன் தன் கையாலேயே அத்தனை பயபக்தியோடு துடைத்திருக்கிறார். எழுதிவைக்கிற நோட்டு என்று ஒன்று உண்டு. அதில் மூன்று மாசமாக யாரும் எழுதவில்லை. அதுவும் நான் கேட்டிருக்கவேண்டியது.

அவர் விபூதிப் பட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் தொட்டியின் ஏணியில் ஏற ஆரம்பித்தார். ஐம்பத்தெட்டு வயசு. மேலே மூடியைத் திறந்து, கைவிட்டு ஒரு பிடி அள்ளி, துண்டில் முடிந்துகொண்டு இறங்குவார். நான் பூஜையில் மிச்சமிருந்த வாழையிலையைத் துண்டு துண்டாகக் கிழித்து, சர்வர் அறைத் தரையில் வரிசையாகப் போட்டு, அவர் கொண்டுவந்ததைக் கொட்டி எண் எழுதினேன். பன்னிரண்டு ஏற்றம், பன்னிரண்டு இறக்கம். முடிந்தபோது தரையில் பன்னிரண்டு இலைப் பந்தி போட்டமாதிரி இருந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நான் திரையில் பழைய டிஸ்க் நம்பிக்கொண்டிருப்பதைப் படித்தேன், அவர் இலையைப் பார்த்துச் சொன்னார்.

ஒன்று சரி, இரண்டு சரி, மூன்று சரி. நாலு மக்காச்சோளம் என்றது டிஸ்க். இலையில் கம்பு. திருத்தினேன். ஏழு சோயா என்றது. இலையில் வெள்ளைத் தூள். சோயா பத்துக்குப் போயிருந்தது. பத்தில் இருக்கவேண்டிய வெள்ளைத் தூளைத்தான் ஏழுக்கு மாற்றியிருக்கிறோம் என்று எழுதப்போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். பதினொன்றிலும் வெள்ளைத் தூள்.

ஒன்று சுண்ணாம்புக்கல் தூள். முட்டை ஓட்டுக்கு; நிறையப் போகும். இன்னொன்று எலும்புக்கான சத்துத் தூள். துளிதான் போகவேண்டும். மாற்றிப் போட்டால் ஓடில்லாத முட்டையும் கால் மடங்கிய கோழியும்தான். இரண்டையும் விரலில் தேய்த்தேன், முகர்ந்தேன். எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. மணி ஒன்று ஆகியிருந்தது.

அவர் எழுந்து வெளியே போனார். லாரிச் சக்கரத்துக்கு வைத்ததில் நசுங்காமல் தப்பியிருந்த ஓர் எலுமிச்சம்பழத்தோடு திரும்பி வந்தார். பல்லால் கடித்து இரண்டாக்கி ஏழாம் இலையில் பிழிந்தார். ஈரமானது, அவ்வளவுதான். பதினொன்றில் பிழிந்தார். தூள் சன்னமாகச் சீறி, சோடாவைத் திறந்தமாதிரி நுரைத்துப் பொங்கியது.

"இதுதானுங்க சுண்ணாம்பு" என்றார். பிறகு நுரையைப் பார்த்துக்கொண்டே, "நேத்து நான் அந்தப் பேச்சு பேசீருக்கக் கூடாதுங்க அம்மிணி."

"பொத்தானை அமுத்துனது நானுங்கண்ணா."

"நீங்க அமுத்துவீங்கன்னு தெரிஞ்சுதானே பேசுனன்."

வரைபடத்தைத் திருத்தி முடித்து, முதலில் சின்னதாக ஒரே ஒரு கலவை ஓட்டினேன். பழைய டிஸ்க் தொட்டி வாய்களைத் திறந்தது, தராசில் நிறுத்தது, மூடியது. ஒவ்வொரு வாய் திறக்கும்போதும் நான் மேலே பார்த்தேன், அவர் கீழே வந்து விழுகிற தீனியைப் பார்த்தார். கலந்து வந்ததை ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். உப்பு சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். இரண்டே முக்காலுக்கு முதல் லாரி கிளம்பியது. முதல் சுமை சேந்தமங்கலத்துக்கு என்று முதலாளியிடம் நான்தான் கேட்டு வாங்கினேன். நானும் ஏறிக்கொண்டேன். சும்மா உட்கார்ந்து காத்திருக்க என்னால் முடியாது.

ஷெட்டுக்கு நூறு அடி முன்னாலேயே சத்தம் கேட்டது. பசித்த கோழிகள் கொக்கரிப்பதில்லை. இழுத்து இழுத்து ஒரு முனகல். ஆயிரக்கணக்கில் சேர்ந்து முனகும்போது தகரக்கூரையே முனகுவதுபோல இருக்கும். அந்த அம்மா வாசலில் நின்றிருந்தார், கையில் வெறும் கூடை. இருந்த கடைசித் தீனியைக் கூடையில் அள்ளி அள்ளி எல்லாப் பக்கமும் ஒரு வாயாவது படும்படி போட்டுப் பார்த்திருக்கிறார். லாரியைக் கண்டதும் முகம் மலரவில்லை. நேராகப் பின்னால் வந்து, கொட்டத் தொடங்கியதும் ஒரு கை ஏந்தி வாங்கி, முகர்ந்து, உள்ளங்கையில் பரத்தினார்.

"அதே தீனிதானுங்களா சாமி?"

ஆமாம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். என்னால் முடியவில்லை. மெஷின் படுத்துவிட்டதைச் சொன்னேன். பழையது ஒன்றை எழுப்பினோம், அதற்குத் தொட்டிகள் மாறிப்போனது தெரியவில்லை, ஒவ்வொன்றாகக் கையில் அள்ளிப் பார்த்துத்தான் சொல்லிக்கொடுத்தோம் என்றேன். அவர் பாதியைத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். கையிலிருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கையில அள்ளிப் பாத்தீங்கல்ல, அப்பறம் என்னங்க" என்று சொல்லிவிட்டு, சங்கிலியை இழுத்துத் தீனியை ஷெட்டுக்குள் விட்டார்.

தீனி வாய்க்காலில் நகர நகர முனகல் ஒரு முனையிலிருந்து அடங்கிக்கொண்டே போனது. அது அடங்கிய இடமெல்லாம் இன்னொரு சத்தம் எழுந்து வந்தது. தகரத்தில் அலகு படும் சத்தம். ஒரு பெரிய ஆபீஸில் ஆயிரம் பேர் தலைநிமிராமல் ஒரே நேரத்தில் டைப் அடிக்கிறமாதிரி. அந்த அம்மா வரிசையோடு நடந்துபோய்க் கடைசிக் கூண்டில் குனிந்து பார்த்தார். அங்கே தீனி வந்து சேரும்வரை இடுப்பில் கைவைத்து நின்றார். வந்ததும் என் பக்கம் திரும்பி, "இதுக தின்னட்டும். நீங்க காலையில இருந்து என்னங்க சாமி தின்னீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்குப் பசித்தது.